ஈராண்டுக் கல்லூரியும் கூடைப்பந்தும் – அமெரிக்க வரலாறு தரும் பாடம்



"விளையாட்டில் கெட்டிக்காரன், படிப்பில்தான் சுமார்." ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர் அறையில் இப்படிப் பேசாத பள்ளி நம் நாட்டில் இருக்க முடியாது. அத்தகைய மாணவனுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு அமெரிக்கர்கள் நூறாண்டுக்கு மேலாக விடை தேடி வருகிறார்கள். அவர்கள் கண்ட விடைகளுள் ஒன்று ஈராண்டுக் கல்லூரி. அக்கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய மாணவர்கள் பல்கலைக்கழகத்திற்கு மாறிச் சென்ற வரலாறு, விளையாட்டை விரும்பாதவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும். ஏனெனில் அவ்வரலாற்றில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை பந்தும் வளையமும் மட்டுமல்ல. மதிப்பெண் தாளும் சான்றிதழுமே பெரும்பாலும் தீர்மானித்தன.

முதலில் ஒரு சொல் விளக்கம். சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்திற்கு முந்திய ஈராண்டுப் படிப்பு. மலேசியாவில் ஆறாம் படிவம் அதற்கு நிகரானது. அமெரிக்காவில் "ஜூனியர் காலேஜ்" என்பது வேறு. அங்கே அது நான்காண்டுப் பட்டப்படிப்பின் முதல் ஈராண்டைத் தருகின்ற கல்லூரி. அதை முடித்தவர் இணைப்பட்டம் ஒன்றைப் பெறுவார். பிறகு, தாம் சேர்த்த கிரெடிட்டுகளை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் நுழையலாம். நம் நாட்டுத் தனியார் கல்லூரிகள் 1980களிலிருந்து நடத்திவரும் அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டத்தை அறிந்த பெற்றோருக்கு இது புதிதாக இராது. இக்கட்டுரையில் குழப்பம் நேராதிருக்க, அதனை ஈராண்டுக் கல்லூரி என்றே குறிப்பிடுகிறேன்.

தோற்றம்

1901ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் முதல் பொது ஈராண்டுக் கல்லூரி தொடங்கப்பட்டது. சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் உயர்நிலைப்பள்ளியின் தலைவர் ஸ்டான்லி பிரவுனும் அதற்கு வித்திட்டவர்கள். தொடக்கத்தில் மாணவர்கள் அறுவர் மட்டுமே. ஊரை விட்டுச் செல்ல வசதியில்லாத பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே உயர்கல்வியின் முதற்பகுதியைக் கற்கட்டும் என்பதே நோக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியுடன் படைவீரர்கள் படிக்கத் திரும்பியபோது இக்கல்லூரிகள் நாடெங்கும் பெருகின.

விளையாட்டில் இக்கல்லூரிகளுக்கு முதலில் கிடைத்தது புறக்கணிப்புதான். என்.சி.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1906ஆம் ஆண்டு முதல் இயங்கி வருவது. நான்காண்டுக் கல்லூரிகளின் சங்கம் அது. அதன் திடல்தடப் போட்டிகளில் தங்கள் மாணவர்களும் பங்கேற்க விரும்பிய கலிபோர்னியாவின் ஈராண்டுக் கல்லூரிகள் விண்ணப்பித்தபோது, சங்கம் மறுத்துவிட்டது. அதன் விளைவாக, 1938இல் ஈராண்டுக் கல்லூரிகள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டன. 1948இல் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அதன் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. அடுத்த ஆண்டே அப்போட்டி கன்சாஸ் மாநிலத்தின் ஹட்சின்சன் நகருக்கு இடம்பெயர்ந்து, அங்கேயே நிலைபெற்றது. கோதுமை வயல்கள் சூழ்ந்த அச்சிறிய நகரத்திற்கு ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் குறிப்பேடும் கையுமாகப் படையெடுத்தனர். ஒரே கூரையின் கீழ் நாட்டின் சிறந்த ஈராண்டுக் கல்லூரி ஆட்டக்காரர்களைக் கண்டு தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

பயிற்றுநர்கள் ஏன் தேடி வந்தார்கள்?

காரணங்கள் மூன்று. முதலாவது, 1972 வரை பல்கலைக்கழகத்தின் முதலாமாண்டு மாணவர்கள் முதன்மைக் கூடைப்பந்துக் குழுவில் ஆட இயலாது. ஈராண்டுக் கல்லூரியிலோ முதல் நாளிலிருந்தே ஆடலாம். இரண்டாவது, அங்கிருந்து வருபவர் இருபது வயதைத் தொட்டவர். உடலும் ஆட்டமும் முதிர்ந்தவர். வந்த உடனே களத்தில் இறக்கலாம். மூன்றாவது, பள்ளிக் காலத்தில் மதிப்பெண் குறைவால் எந்தப் பல்கலைக்கழகத்தாலும் எடுக்க முடியாத நல்ல ஆட்டக்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

மிசிசிப்பியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஸ்பென்சர் ஹேவுட் 1967-68இல் கொலராடோவின் டிரினிடாட் ஸ்டேட் ஈராண்டுக் கல்லூரியில் ஆடினார். 1968இல், 19 வயதில், மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கக் குழுவின் முதன்மை ஆட்டக்காரர் ஆனார். பின்னர் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்திற்குச் சென்றார். உயர்நிலைப்பள்ளி முடித்து நான்காண்டு ஆகாதவர் என்.பி.ஏ.யில் ஆடக்கூடாது என்ற விதியை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு, 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று அவருக்குச் சாதகமாக முடிந்தது. இந்தியானாவின் வின்சென்ஸ் கல்லூரிக் குழுவில் 1970இல் தேசிய வெற்றியாளரான பாப் மெக்கடூ, புகழ்பெற்ற வட கரோலினா பல்கலைக்கழகத்திற்கு மாறி, 1975இல் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

பயிற்றுநர்களுள் இக்கல்லூரிகளின் அருமையை நன்கு உணர்ந்தவர் ஜெரி தார்கேனியன். அவரே ரிவர்சைடு, பசடினா ஆகிய ஈராண்டுக் கல்லூரிகளில் தொடர்ந்து நான்கு முறை கலிபோர்னியா மாநில வெற்றியைத் தேடித் தந்தவர். பின்னாளில் லாஸ் வேகாஸ் நகரிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக இருந்தபோதும் ஈராண்டுக் கல்லூரி மாணவர்களைத் தேடி எடுப்பதை அவர் நிறுத்தவில்லை. டெக்சாஸின் ஒடெஸ்ஸா கல்லூரியில் ஈராண்டு ஆடிய லேரி ஜான்சன் 1989இல் அவரிடம் வந்தார். 1990 தேசிய இறுதியாட்டத்தில் அக்குழு டியூக் பல்கலைக்கழகத்தை 103-73 என்ற புள்ளிகளில் வென்றது. அடுத்த ஆண்டு என்.பி.ஏ. தேர்வில் முதலாமவராக எடுக்கப்பட்டவர் அதே லேரி ஜான்சன்.

விதிகள் ஏன் இறுகின?

இவ்வளவையும் படித்துவிட்டு, "கதவைத் திறந்து வைத்தால் போதும், பிள்ளைகள் முன்னேறிவிடுவார்கள்" என்று யாரேனும் எண்ணினால், கெவின் ராஸ் என்பவரின் வழக்கை அவர்கள் அறிய வேண்டும். அவர் ஈராண்டுக் கல்லூரி மாணவரல்லர். 1978இல் நேரடியாகக் கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தவர். நான்காண்டுகள் கழித்து அவர் வெளியேறியபோது, பட்டத்திற்கு வேண்டிய 128 கிரெடிட்டுகளில் 96ஐ மட்டுமே பெற்றிருந்தார். அவர் படித்த பாடங்களில் மட்பாண்டக் கலை, துப்பாக்கி சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு போன்றவை இருந்தன. அவருடைய வாசிப்புத் திறன் ஏழாம் வகுப்பு மாணவனுடையது. மொழித்திறன் நான்காம் வகுப்பு மாணவனுடையது என்று நீதிமன்றப் பதிவு கூறுகிறது. பின்னர் அவர் சிக்காகோவில் மார்வா காலின்ஸ் என்ற ஆசிரியை நடத்திய பள்ளியில் சிறுவர்களுடன் அமர்ந்து வாசிக்கக் கற்றார். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுவாகக் கல்வியின் தரம் குறைவு என்று வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் குறிப்பிட்டு அளித்த வாக்குறுதியை நிறைவேற்றவில்லை என்று வழக்காடலாம் என்றது. ஆசிரியர்களாகிய நாம் இத்தீர்ப்பை எளிதில் கடந்து செல்ல முடியாது.

இத்தகைய அவலங்களைத் தடுக்கவே 1983இல் என்.சி.ஏ.ஏ. ஒரு விதியை இயற்றியது. 'முன்மொழிவு 48' எனப் பெயர் பெற்ற அவ்விதி 1986இல் நடைமுறைக்கு வந்தது. உயர்நிலைப்பள்ளியில் 11 அடிப்படைப் பாடங்களில் 2.0 சராசரியும், எஸ்.ஏ.டி. தேர்வில் 1600க்கு 700 மதிப்பெண்ணும் பெறாதவர் பல்கலைக்கழகத்தின் முதலாண்டில் ஆட இயலாது. நோக்கம் நல்லதே. ஆனால் பொதுத்தேர்வு மதிப்பெண்ணில் பின்தங்கியோரில் கறுப்பின மாணவர்களே மிகுதி. 1989 ஜனவரியில் 'முன்மொழிவு 42' வந்து, பாதித் தகுதி பெற்றோருக்கு உபகாரச் சம்பளமும் இல்லை என்றது. கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர்களுள் முதன்முதலாக 1984இல் என்.சி.ஏ.ஏ.யின் முதல்நிலைப் பிரிவில் தேசிய வெற்றி பெற்றவரான ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் தாம்சன், அம்மாதம் 14ஆம் நாள் ஆட்டம் தொடங்கும் முன் களத்தை விட்டு வெளியேறினார். ஏழைப் பிள்ளைகளின் வாசலை அடைக்கிறீர்கள் என்பதே அவரது எதிர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டு அவ்விதி தளர்த்தப்பட்டது.

முதல் வாசலில் தகுதி பெறாதவர்களுக்கு எஞ்சியிருந்த வழி ஈராண்டுக் கல்லூரி. ஆயினும் அவ்வழியிலும் நிபந்தனைகள் உண்டு. பள்ளியிலேயே தகுதி பெற்றவர் குறைந்த காலத்தில் மாறலாம். தகுதி பெறாதவரோ இணைப்பட்டத்தை முடித்தே ஆக வேண்டும். அவர் சேர்த்த கிரெடிட்டுகள் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் பாடங்களுக்குரியவையாக இருக்க வேண்டும். 2011இல் எடுத்த முடிவின்படி, மாற்றத்திற்கு வேண்டிய சராசரிப் புள்ளி 2.0இலிருந்து 2.5ஆக உயர்த்தப்பட்டது. இவற்றோடு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும்: எந்தக் கல்லூரியிலாயினும் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் நான்கு பருவங்கள் மட்டுமே ஆடலாம். ஈராண்டுக் கல்லூரியில் ஆடிய பருவங்களும் இக்கணக்கில் சேரும்.

பெரியவர்கள் செய்த பிழைகள்

விதி இறுகியதும் குறுக்கு வழி தேடியவர்கள் மாணவர்களல்லர். டெக்சாஸின் பேலர் பல்கலைக்கழகத்தில் 1993-94 பருவத்தில், ஈராண்டுக் கல்லூரிகளிலிருந்து வரவிருந்த ஐந்து ஆட்டக்காரர்களுக்குக் கிரெடிட் குறைந்தது. அஞ்சல்வழிப் பாடங்களில் அவற்றைப் பெற்றுத்தர முனைந்த துணைப் பயிற்றுநர்கள், மாணவர்கள் எழுத வேண்டிய கட்டுரைகளையும் தேர்வு விடைகளையும் தாங்களே ஏற்பாடு செய்து அனுப்பினர். மூவர் அஞ்சல்வழி மோசடிக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. கூடைப்பந்துக் கிரெடிட்டுக்காகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றவாளிகளாக நின்ற ஆசிரியப் பணியாளர்கள் அவர்கள்!

2003இல் நியூயார்க் மாநிலத்தின் செயின்ட் போனவெஞ்சர் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது அதனினும் வருந்தத்தக்கது. ஜார்ஜியா மாநிலத்து ஈராண்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த ஆட்டக்காரர் ஒருவர் அப்பருவம் முழுவதும் ஆடிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்தது இணைப்பட்டம் அன்று. வெல்டிங் தொழிற் சான்றிதழ்! வெல்டிங் நல்ல தொழில்தான். அதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் விதி கேட்ட தாள் அதுவன்று. பல்கலைக்கழகத்திற்குள்ளேயே ஐயம் எழுந்தும், தலைவரே அம்மாணவரின் சேர்க்கைக்கு ஒப்புதல் அளித்திருந்தார். தலைவரின் மகன் அக்குழுவின் துணைப் பயிற்றுநர். உண்மை வெளிப்பட்டதும், குழு பெற்ற வெற்றிகள் பறிக்கப்பட்டன. வட்டாரப் போட்டிக் கதவும் அடைக்கப்பட்டது. மனமுடைந்த ஆட்டக்காரர்கள் எஞ்சிய இரண்டு ஆட்டங்களில் ஆட மறுத்தனர். தலைவர் பதவி விலகினார்; பயிற்றுநரும் வெளியேற நேர்ந்தது.

இதில் அம்மாணவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஈராண்டுக் கல்லூரி அவருக்கு ஒரு சான்றிதழைத் தந்தது. பல்கலைக்கழகம் "இது போதும், வா" என்றது. அவர் வந்தார், ஆடினார். பின்னர் நாடறிய அவருடைய தாள் செல்லாது என்றார்கள். அவர் எந்த ஆவணத்தையும் திருத்தவில்லை. இருந்தும், அந்நிகழ்ச்சியைப் பேசுவோர் அனைவரும் முதலில் நினைவுகூர்வது அவருடைய வெல்டிங் சான்றிதழையே. பெரியவர்கள் வாசிக்கத் தவறிய ஒரு வரிக்கு, வயதில் இளையவர் விலை கொடுத்தார்.

சரியாக வாசித்தவர்களின் கதை

மறுபக்கமும் உண்டு. ஜே கிரவுடர் என்பவர் 2008இல் ஜார்ஜியாவின் தெற்கு ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். ஆட்டத்தில் சிறந்து விளங்கினார். ஆனால் அங்கே பெறும் கிரெடிட்டுகளை முதல்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கமாட்டா என்பது பின்னரே தெரியவந்தது. ஓராண்டு உழைப்பு வீணாகும் நிலை. அவர் டெக்சாஸின் ஹவர்டு கல்லூரிக்கு மாறி, இழந்ததை ஈடுசெய்யக் கூடுதல் பாடச்சுமையைத் தாங்கினார். அவ்வாண்டே அக்கல்லூரி ஹட்சின்சனில் தேசிய வெற்றி பெற்றது. அங்கிருந்து மார்க்கெட் பல்கலைக்கழகம் சென்று, 2012இல் தமது போட்டி வட்டாரத்தின் சிறந்த ஆட்டக்காரரானார்.

மார்க்கெட்டில் அவருடன் ஓராண்டு ஆடிய மற்றொருவர் ஜிம்மி பட்லர். உயர்நிலைப்பள்ளியை முடித்தபோது பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. டெக்சாஸின் டைலர் ஈராண்டுக் கல்லூரியில் ஓராண்டு ஆடி, 2008இல் மார்க்கெட்டுக்கு மாறினார். 2011 என்.பி.ஏ. தேர்வில் முப்பதாமவராக எடுக்கப்பட்டார். 2020ஆம் ஆண்டு என்.பி.ஏ. இறுதிச் சுற்றில் மயாமிக் குழுவுக்காக இவ்விருவரும் ஒன்றாகவே களமிறங்கினர். இருவரும் ஈராண்டுக் கல்லூரி என்னும் சிறிய வாசல் வழியாக நுழைந்தவர்கள்.

இன்றைய நிலை

அண்மை ஆண்டுகளில் காட்சி மாறிவிட்டது. 2018இல் மாற்றப் பதிவேடு ஒன்று மின்னியல் வடிவில் வந்தது. 2021 முதல் நான்காண்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் காத்திருப்பு ஆண்டு இன்றி ஒருமுறை மாறலாம் என்றானது. 2024இல் அந்த எண்ணிக்கை வரம்பும் நீங்கியது. அதற்கு முன்பே 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு பணம் ஈட்டவும் இசைவு கிடைத்தது. இதனால், ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் ஆடித் தேர்ந்தவரை வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்துக்கொள்வது பயிற்றுநர்களுக்கு எளிதாயிற்று. ஹட்சின்சன் வரை சென்று இளைஞர்களைத் தேடும் தேவை அந்த அளவுக்குக் குறைந்தது.

அதே வேளையில், எதிர்த் திசையிலும் ஒரு காற்று வீசியது. டியேகோ பவியா என்ற அமெரிக்கக் காற்பந்தாட்டக்காரர், ஈராண்டுக் கல்லூரியில் ஆடிய பருவங்களைத் தம் கணக்கில் சேர்ப்பது முறையன்று என வழக்குத் தொடுத்தார். அக்கல்லூரிகள் என்.சி.ஏ.ஏ.யின் உறுப்பினர் அல்லவே, பின் ஏன் அப்பருவங்களை எண்ணுகிறீர்கள் என்பதே அவரது கேள்வி. 2024 டிசம்பரில் டென்னசியிலுள்ள நீதிமன்றம் அவர் மேலும் ஒரு பருவம் ஆட இடைக்கால அனுமதி அளித்தது. அதைத் தொடர்ந்து, அதே நிலையிலிருந்த பிற ஆட்டக்காரர்களுக்கும் 2025-26 பருவத்திற்கு மட்டும் என்.சி.ஏ.ஏ. விலக்களித்தது. பிற நீதிமன்றங்களில் இதையொத்த வழக்குகளின் தீர்ப்புகள் ஒன்றுபோல் அமையவில்லை. முன்னர் "நீங்கள் எங்களவர் அல்லர்" என்று ஒதுக்கிய சங்கம், கணக்குப் பார்க்கும்போது மட்டும் "உங்கள் ஆண்டுகளும் எங்கள் கணக்கே" என்றது விந்தையன்றோ?

நமக்கு என்ன?

புறப்பாட நடவடிக்கைகளில் ஒளிரும் பிள்ளைகள் நம் தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. சிலர் விளையாட்டுப் பள்ளிகளுக்குச் செல்கின்றனர். சிலர் வெளிநாட்டு உபகாரச் சம்பளம் என்ற பேச்சில் மயங்குகின்றனர். மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: பிந்தி மலரும் மாணவனுக்கு இரண்டாம் வாசல் கட்டாயம் வேண்டும். ஆனால் வாசல் இருப்பது மட்டும் போதாது. அவ்வாசலில் எந்தத் தாளைக் கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே வாசித்துச் சொல்லும் பெரியவர் ஒருவர் அம்மாணவனுக்கு வேண்டும். அப்பெரியவர் பயிற்றுநராக மட்டும் இருந்தால் ஆபத்து. அவருக்கு ஆட்டத்தில் வெல்ல வேண்டிய கட்டாயம் உண்டு. மாணவனின் வெற்றி தோல்வியால் எந்த ஆதாயமும் இல்லாத ஆசிரியரோ, பெற்றோரோ அதனைச் செய்வது நலம்.

ஆகவே, பிள்ளையை ஒரு கல்லூரி அழைக்கும்போது பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இங்கே படிக்கும் பாடங்களை அடுத்த நிலைப் பல்கலைக்கழகம் ஏற்குமா? முடிவில் கையில் கிடைப்பது பட்டமா, பட்டயமா, வெறும் பங்கேற்புச் சான்றிதழா? காயம்பட்டு ஆட முடியாமற்போனால் உபகாரச் சம்பளம் தொடருமா? வாய்மொழி விடையோடு நின்றுவிடாமல், எழுத்தில் கேளுங்கள். ஆசிரியர்களாகிய நாம், "சுமார்" என்று ஒதுக்கிய மாணவனின் மதிப்பெண் தாளைப் படிவம் ஐந்தின் இறுதியில் அன்று, படிவம் ஒன்றிலேயே எடுத்துப் பார்க்கத் தொடங்குவோம். அவன் பந்தை எறியும் அழகைப் பார்க்க ஊரே கூடும். அவனுடைய தாளைப் பார்க்க நம்மை விட்டால் ஆளில்லை.